கறுப்பைத் திருப்பிக் கேட்டவர்

பதுளை மாவட்டத்தில் பாதிப் பேரை வெள்ளையாக்கியவள் நான்தான். பஜாரில் ஒரு போட்டோ ஸ்டூடியோவில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து எட்டு வருஷம் அதைத்தான் செய்தேன். அத்தனை பேரில், 'என் கறுப்பைத் திருப்பிக் கொடு' என்று கேட்டவர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் மிஸ் நமுனுகுல.

அந்தப் பெயர் பஸ் கொண்டக்டர் வைத்தது. கேலிக்குத்தான். நமுனுகுல பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கும் அவர், ஆறடிக்குக் கொஞ்சம்தான் குறைவு. நல்ல கறுப்பு. முன்பற்கள் இரண்டுக்கும் நடுவில் தீக்குச்சி நுழையும். வயது முப்பத்தொன்று. பஸ்ஸில் ஏறியதும் டிரைவருக்கு மேலிருக்கும் கண்ணாடியில் குனிந்து கொண்டையைச் சரிசெய்வார். அது முடியும்வரை பஸ் நகராது. ஒரு நாள் கொண்டக்டர் பொறுமையிழந்து, "மிஸ் நமுனுகுல ரெடியா? போவமா?" என்று கத்த, பஸ்ஸே சிரித்தது. அவரும் சிரித்தார். மறுநாளிலிருந்து யார் பெயர் கேட்டாலும் அதையே சொன்னார்.

"நல்லாத்தானே இருக்கு? யோசிச்சுத்தான் வச்சிருக்கான் அந்தத் தம்பி."

எங்கள் கடைக்கு அவர் வந்தது, மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பப் போட்டோ எடுக்க. வெலிமடையில் வரன். மரக்கறி லொறி ஓட்டுபவராம். முதலாளி நானாவிடம் எழுதாத சட்டம் ஒன்று இருந்தது: சாதாரணப் படத்துக்கு ஒரு சுற்று வெள்ளை, கல்யாணப் படத்துக்கு மூன்று. நான் மூன்றும் அடித்தேன். பல் இடைவெளியை அடைத்தேன், மூக்கை மெலிய வைத்தேன், கன்னத்து மச்சத்தையும் எடுத்துவிட்டேன்.

படத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"யாரு இந்தப் புள்ள? அழகாத்தான் இருக்கு. என் போட்டோ எங்க?"

"இதுதாங்க அக்கா நீங்க."

"இது நானா? சரி, மாப்பிள்ளை இவளப் பாக்கணும்னு வந்து நிப்பாரு. அப்ப நான் இவள எங்க போய்த் தேடுறது?"

நானா எழுந்து வந்தார். "தங்கச்சி, எல்லாருக்கும் இப்டித்தான் செஞ்சி குடுக்குறோம். யாரும் குறை சொன்னதில்ல."

"அவங்களுக்கு அவங்க முகமே மறந்து போயிருக்கும் நானா."

ஸ்டூலை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் சொல்லச் சொல்ல, திரையில் பல் இடைவெளி திறந்தது. மூக்கு பழைய அகலத்துக்கு வந்தது. மச்சத்தை விரலால் தொட்டுக் காட்டி, சரியான இடத்தில்தான் இருக்கிறதா என்று கண்ணாடியில் ஒருமுறை ஒப்பிட்டுக்கொண்டார். "இன்னும் கொஞ்சம் கறுப்பு போடு. வெயில்ல நிக்கிறவ நான்" என்றார். என் தொழில் வாழ்க்கையில் அந்தப் பக்கம் நான் மவுஸை நகர்த்தியது அன்றுதான்.

இரண்டு வாரம் கழித்து வந்தார். சுவரில் வரிசையாக மாட்டியிருந்த வெள்ளை மணப்பெண்களை ஒவ்வொருவராகப் பார்த்தார்.

"வேணாம்னுட்டாங்க. கலர் பத்தாதாம்."

"அப்பவே சொன்னேனே தங்கச்சி" என்றார் நானா.

"ஆமாங்க நானா, சொன்னீங்க. அந்தப் போட்டோவப் பெருசா அடிச்சு வாசல் கண்ணாடிப் பெட்டியில மாட்டுங்க."

நானா பதறிப்போனார். வியாபாரம் படுத்துவிடும் என்றார். மிஸ் நமுனுகுல வாதாடவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து, வருகிற ஒவ்வொருவரிடமும், "இவங்க நல்லா எடுப்பாங்க. வீட்டுக்குப் போனதும் இது யாருன்னுதான் தெரியாது" என்று சிபாரிசு செய்யத் தொடங்கினார். சாயந்தரத்துக்குள் படம் பெட்டியில் ஏறியது.

அந்த நேரத்தில்தான் ஒரு முகக்கிரீம் கம்பெனி பதுளையில் 'தன்னம்பிக்கை மங்கை' போட்டி வைத்தது. அவருக்குப் படிவம் நிரப்பிக் கொடுத்தது நான். விசேட திறமை என்ற இடத்தில் என்ன எழுத என்று கேட்டேன்.

"அட்டை கடிச்சாலும் கத்த மாட்டேன்னு எழுது."

அப்படியே எழுதினேன். கூப்பிட்டுவிட்டார்கள். மண்டபத்தில் முதல் வரிசையில் கம்பெனிக்காரர்கள், தோட்டத்துத் துரைமார், அவர்கள் மனைவிமார். எல்லோருக்கும் ஒரே கேள்விதான்: உங்களிடம் நீங்கள் மாற்ற விரும்புவது என்ன? ஒரு பெண் கோபத்தை மாற்ற வேண்டும் என்றாள். இன்னொருத்தி, வெளியழகு முக்கியமில்லை என்று, காதுவரை பூசியிருந்த மேக்கப் கலையாமல் கண்ணீர் விட்டாள். இவர் மைக்கை வாங்கினார்.

"பெரட்டுக்குப் போற பாதைங்க."

அறிவிப்பாளர் சிரித்தார். "இல்லைங்க, உங்ககிட்ட மாத்துறதுக்கு..."

"என்கிட்ட மாத்த ஒண்ணுமில்லைங்க. பாதையத்தான் மாத்தணும். விடியக்காலையில பெரட்டுக் களத்துல வேலைக்குப் பேர் குடுக்க அதுலதான் போறோம், மழைக்கு வழுக்குது. போன மாசம் ரெண்டு பேர் விழுந்தாங்க. ஒருத்தி புள்ளத்தாச்சி. எங்க துரைகூட முன்னாடிதான் இருக்காரு. கேட்டுப் பாருங்க."

மண்டபம் திரும்பி அந்தத் துரையைப் பார்த்தது. துரை தன் சப்பாத்தைப் பார்த்தார்.

கிரீடம் கண்ணீர் விட்ட பெண்ணுக்குப் போனது. இவருக்கு ஆறுதல் பரிசாக அரை டசின் வெள்ளைக் கிரீம். நேராகக் கடைக்கு வந்து என் மேசையில் வைத்தார். "நீதானே வெள்ளையடிக்கிறவ. ஒனக்கு ஒதவும்."

இரண்டு மாதத்தில் அந்தப் பாதைக்குக் கொங்கிறீட் படி கட்டினார்கள். அவர் அதைச் சொல்லக்கூட வரவில்லை. பிறகு கடைக்கு வந்த ஒரு தோட்டத்துப் பெண் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

இப்போது நான் வேறு வேலையில் இருக்கிறேன். போன மாதம் பதுளை பஸ் நிலையத்தில் யாரோ பின்னாலிருந்து என் தோளைப் பிடித்துத் திருப்பினார்கள். அவர்தான். என் நாடியைத் தூக்கி முகத்தை உற்றுப் பார்த்தார்.

"சிரிக்கவே மறந்துட்டியா நீ? லீவு போட்டுட்டு ரெண்டு நாளைக்கு எங்க வீட்டுக்கு வா. ஒண்ணும் செய்ய வேணாம், சும்மா இரு."

நான் சிரிக்காததை வீட்டில் யாரும் கவனிக்கவில்லை, ஆபீஸிலும் யாரும் கேட்கவில்லை. லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன்.