வஜ்ரக்கோட்டையும் மறக்க முடியாத நாளும்

அன்று காலை எட்டேகாலுக்கு நான் ஒரு சபதம் எடுத்தேன். சாயங்காலம் என் மனைவி பிரிஸில்லா பள்ளிக்கூடத்திலிருந்து திரும்புவதற்குள் என் கம்ப்யூட்டரில் ஒன்று நான் இருக்க வேண்டும், இல்லை வஜ்ரக்கோட்டை இருக்க வேண்டும். இரண்டு பேருக்கும் அதில் இடமில்லை.

வஜ்ரக்கோட்டை என்பது ஆன்ட்டிவைரஸ். வைரஸ் என்பது வந்தால் போய்விடுகிற விருந்தாளி. இது வீட்டோடு வந்து தங்கிவிட்ட ஆன்ட்டி. எந்தக் கதவைத் திறந்தாலும் 'யாரு? எதுக்கு?' என்று கேட்கும்.

என் தொழில் பட்டுப்புடவைக்கு டிசைன் போடுவது. கம்ப்யூட்டரில் நான் கட்டம் கட்டமாக வரைந்து கொடுத்தால், அதைப் பார்த்து அட்டை குத்துவார்கள். அந்த அட்டை தறிக்கு ஏறினால்தான் புடவையில் மயிலோ மாங்காயோ விழும். ஆரணியில் பாதித் தெருவுக்கு என் மயில்தான் ஆடுகிறது. ஆனால் அந்த மயிலை வரைய முதலில் கம்ப்யூட்டர் திறக்க வேண்டுமே! ஸ்விட்சைப் போட்டுவிட்டுக் குளித்து, தலை துவட்டி, நாலு இட்லி சாப்பிட்டு வந்து பார்த்தால், நீல வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும். கேட்டால் ஸ்கேனாம். பிள்ளைத்தாச்சிப் பெண்ணுக்கே பத்து மாதத்தில் நாலைந்து ஸ்கேன்தான். இதற்கு ஒரு நாளைக்கு மூன்று.

அது மட்டுமா? மூலையில் ஒரு பெட்டி எழும்பி, 'இன்று மழைக்கு வாய்ப்பு' என்கிறது. வைரஸ் பிடிக்க வந்தவனுக்கு வானிலை எதற்கு? இன்னொரு பெட்டி, 'உங்கள் கைப்பேசிக்கும் கோட்டை கட்டலாமா?' என்கிறது. ஒரு மயிலின் வாலை வரைந்து முடிப்பதற்குள் ஏழு பெட்டிகளை மூட வேண்டும். ஊரில் ஏற்கெனவே ஒரு கோட்டை இருக்கிறது. அது யாரையும் தொந்தரவு செய்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

"இது இன்னிக்கே போவணும் பிரிசி!" என்றேன்.

பிரிஸில்லா டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே, "போன டிசம்பர்ல ஓசிக் காலண்டர்னு நீங்க எதையோ அமுக்கி, வைரஸ் பூந்து, நான் அடிச்சு வெச்ச அரையாண்டுக் கேள்வித்தாளு மொத்தமும் போச்சே, ஞாபகம் இருக்குதுங்களா?" என்றாள்.

"அதுக்காக? கொசு கடிச்சுதுன்னு யானையைக் கொண்டாந்து வாசல்ல கட்டுவாங்களா?"

"யானையைக் கட்டுனது என் தம்பி ஜெயக்குமார். வேலூர்ல கம்ப்யூட்டர் கம்பெனியில இருக்கிறவன். அவனுக்குத் தெரியாதா?"

"பன்னண்டு வருஷமா கம்ப்யூட்டர்லியே குந்திகினு இருக்கேன். எனக்குத் தெரியாதா? நீ சாயங்காலம் வரும்போது அது இருக்காது."

"தாராளமா எடுங்க. நான் ஏன் குறுக்க வரப் போறேன்?"

அவள் அவ்வளவு சுலபமாக ஒப்புக்கொண்டபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. எங்கள் மகள் சோபியாவை வண்டியில் ஏற்றிக்கொண்டு அவள் போய்விட்டாள்.

ஒன்பது மணிக்கு வட்டம் நின்றது. அன்று மதியத்துக்குள் பட்டு முதலாளி கமலக்கண்ணனுக்கு ஒரு முந்தி டிசைன் கொடுக்க வேண்டும். கல்யாணப் புடவை. தறியில் பாவு நூல் ஏற்றியாகிவிட்டது. நெசவு செய்கிறவர் அட்டைக்காக இரண்டு நாளாகக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். மூன்று வாரம் கண்விழி பிதுங்க நான் வரைந்த டிசைன் அது. ஃபைலைத் திறக்கப் போனேன்.

ஃபைல் இல்லை.

பெட்டி எழும்பியது. 'முந்தி-கடைசி-உண்மையிலேயே-கடைசி என்னும் ஆபத்தான கோப்பு தனிமைப்படுத்தப்பட்டது. நிம்மதியாக இருங்கள்!'

நிம்மதியா! நடுவில் ஒரு தேர், இரண்டு பக்கமும் அன்னப்பறவைகள். இதில் என்ன ஆபத்து? அன்னம் கொத்திவிடுமா? தேர் ஏறிவிடுமா? என்னிடம் பென்டிரைவில் ஒரு பிரதி இருந்தது. சிரித்துக்கொண்டே செருகினேன். 'நன்றி! இன்னொரு ஆபத்தும் பிடிபட்டது' என்று அதையும் பிடித்து உள்ளே போட்டது. சிறையில் இருப்பவனைப் பார்க்கப் போன தம்பியையும் சேர்த்து உள்ளே தள்ளிய மாதிரி.

சரி, கோட்டையையே இடித்துவிடுவோம் என்று நீக்கும் பொத்தானை அமுக்கினேன். பாஸ்வேர்டு கேட்டது. நாலு எண். ஃபைலை விடுவிக்கவும் அதே பாஸ்வேர்டுதான் வேண்டுமாம். எங்கள் வீட்டில் பாஸ்வேர்டு என்றால் பாஸ் சொல்கிற வேர்டு. பாஸ் பள்ளிக்கூடத்தில் இருந்தாள். காலையில் அத்தனை வீராப்பு பேசிவிட்டு அவளிடமே கேட்பதா?

கீழே சின்னதாக ஒரு குறிப்பு இருந்தது. பிரிஸில்லாவே தட்டியது: 'மறக்க முடியாத நாள். தேதியும் மாதமும்.'

பூ, இவ்வளவுதானா! கல்யாண நாள். என் கை விசைப்பலகைக்குப் போனது. அங்கேயே நின்றது.

மே மாதம். அது உறுதி. வேர்வையில் என் கோட்டு முதுகோடு ஒட்டிக்கொண்டது நன்றாக நினைவிருக்கிறது. தேதி? இருபத்தைந்தாக இருக்கலாம். வருஷா வருஷம் அவள்தான் முந்தின நாள் சொல்லுவாள். நான் போய் கேக் வாங்கி வருவேன். அது வழக்கம். இருபத்தைந்து, பூஜ்ஜியம் ஐந்து என்று போட்டேன்.

'தவறு. இன்னும் நாலு வாய்ப்புகள்.'

என் நண்பன் பன்னீர்செல்வத்துக்குப் போன் போட்டேன். கல்யாணத்தில் எனக்குப் பக்கத்திலேயே நின்றவன்.

"மச்சான், என் கல்யாணம் என்னிக்குடா நடந்துது?"

"ஏன்டா, எதுனா பிரச்சினையா?"

"தேதி மட்டும் சொல்றா."

"தேதி தெரியாதுடா. பிரியாணி நல்லா இருந்துது. தயிர்ப் பச்சடி பத்தல. உங்க மாமாகூட அதுக்குச் சண்டை போட்டாரே..."

வைத்துவிட்டேன். அப்போதுதான் அந்த யோசனை வந்தது. பாத்திரம்! கல்யாணத்துக்கு வந்த எவர்சில்வர் பாத்திரங்களில் பேரும் தேதியும் பொறித்துத்தானே கொடுப்பார்கள்? சமையலறைப் பரணில் ஒரு குடும்பமே குடியிருக்கிற அளவுக்குப் பாத்திரம் கிடந்தது. ஸ்டூலைப் போட்டு ஏறினேன். அண்டா, குண்டான், தூக்கு, தாம்பாளம் எல்லாவற்றையும் இறக்கிக் கூடம்வரை தரையில் பரப்பினேன். ஒன்றில் 'மணமக்களுக்கு' என்று மட்டும் இருந்தது. ஒன்றில் வேறு யாரோ மணமக்களின் பேர். யாருக்கோ வந்ததை எங்களுக்குத் தள்ளிவிட்டிருக்கிறார்கள்! கடைசியில் ஒரு பெரிய குடத்தின் கழுத்தில் கிடைத்தது: 'அடைக்கலசாமி – பிரிஸில்லா, 24-5.'

குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டே ஓடிவந்து தட்டினேன்.

'தவறு. இன்னும் மூன்று வாய்ப்புகள்.'

அப்படியானால் இது கல்யாண நாளே இல்லை. வேறென்ன மறக்க முடியாத நாள்? எனக்கு ஒன்றே ஒன்றுதான் தோன்றியது. ஆகஸ்ட் பதினொன்று, வண்டி வாங்கிய நாள். போட்டேன். தவறு. சோபியாவின் பிறந்த நாளைப் போட்டேன். அது எனக்குச் சத்தியமாகத் தெரியும். அதுவும் தவறு. 'கடைசி வாய்ப்பு. இதுவும் தவறினால் கோப்புகள் அழிக்கப்படும். உங்கள் பாதுகாப்பே எங்கள் மகிழ்ச்சி.'

எனக்கு ரத்தம் கொதித்தது. என் வீடு, என் கம்ப்யூட்டர், என் அன்னம்! எவனோ வந்து உட்கார்ந்துகொண்டு எனக்கே வாய்ப்புத் தருகிறான்!

அந்த நேரம் பார்த்துக் கமலக்கண்ணன் உள்ளே வந்தார். தரையில் கால் வைக்க இடமில்லாமல் வாசற்படியிலேயே நின்றார்.

"இன்னா சாமி, டிசைன் கேட்டா பாத்திரக் கடை போட்டுகினு இருக்கே?"

"ஒண்ணும் இல்ல மொதலாளி. கம்ப்யூட்டர்ல ஒரு சின்ன..."

"கம்ப்யூட்டர்ல கோளாறுன்னா குடத்தை ஏன்யா கட்டிப் புடிச்சிகினு இருக்கே? பேஜார் பண்ணாத. பொண்ணு வீட்டுக்காரங்க தினம் போன் பண்றாங்க. ஜல்தி குடு. உன்னால முடியலன்னா சொல்லு, நான் வேற ஆளைப் பாத்துக்கிறேன்."

வேறு ஆள்! பன்னிரண்டு வருஷத்தில் யாரும் என்னிடம் சொல்லாத வார்த்தை. அப்போது என் போன் அடித்தது. பிரிஸில்லா.

"என்னங்க, வேலை எப்டி போய்கினு இருக்குது?" குரலில் தேன்.

"பிரமாதம். கோட்டை பாதி இடிஞ்சிடுச்சு."

"அப்டிங்களா! இன்டர்வெல்லு, அதான் கேட்டேன். ஒண்ணே ஒண்ணு. அந்த ஆகஸ்ட் பதினொண்ணு யாருங்க?"

"எ... எந்த ஆகஸ்ட்?"

"தப்பா போட்டா ஒவ்வொரு தடவையும் என் போனுக்கு மெசேஜ் வரும். ஜெயக்குமார் அப்டித்தான் வெச்சிருக்கான். ஸ்டாஃப் ரூம்ல எல்லாரும் என் போனைத்தான் பாத்துகினு இருக்கோம். குணசுந்தரி டீச்சர், அடுத்தது இருவத்தாறு போடுவாருன்னு சொல்லிகினு இருக்காங்க. சொல்லுங்க, ஆகஸ்ட் பதினொண்ணு யாரு?"

"அது... வண்டி வாங்குன நாளு."

போனில் நாலைந்து பெண்கள் ஒரே நேரத்தில் சிரிக்கும் சத்தம் கேட்டது.

"வண்டி வாங்குனது ஞாபகம் இருக்குது. நம்ம கல்யாணம் மே இருவத்திமூணு. இருவத்திநாலு உங்க வீட்ல வெச்ச ரிசப்ஷன். குடத்துல பாத்தீங்களா?"

"...ஆமா."

"அப்ப பரண்ல இருந்த எல்லாத்தையும் இறக்கிட்டீங்க. ரொம்ப நல்லதாப் போச்சு. லீவு விட்டா நானே இறக்கிக் கழுவணும்னு இருந்தேன். கழுவித் தொடச்சு ஏத்திடுங்க."

நான் பல்லைக் கடித்தேன். கமலக்கண்ணன் கடிகாரத்தைப் பார்த்தார்.

"சரி, கழுவுறேன். பாஸ்வேர்டைச் சொல்லு."

"சனிக்கிழமையானா நான் கேள்வித்தாள் அடிக்கக் கேப்பேன். 'என் மயிலு பாதில நிக்குது'ன்னு சொல்லுவீங்க. இனிமே சனிக்கிழமை கம்ப்யூட்டர் என்னுது."

"அநியாயம் பிரிசி! நான்..."

"பெல் அடிக்கப் போவுதுங்க."

"சரி! உன்னுது!"

"பூஜ்ஜியம், ஒம்போது, ஒண்ணு, ஒண்ணு."

தட்டினேன். கோட்டைக் கதவு திறந்தது. தேர் வந்தது, அன்னங்கள் வந்தன, பென்டிரைவில் இருந்ததும் அண்ணன் பின்னாலேயே வந்தது. கமலக்கண்ணனின் போனுக்கு அனுப்பினேன். அவர் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டு, "அன்னம் நல்லா இருக்குது சாமி. அந்தக் குண்டான்ல ஒண்ணைக் குடேன், வீட்ல கேட்டுகினு இருக்காங்க" என்றார். கொடுத்தனுப்பினேன். கழுவுவதில் ஒன்று குறையுமே!

அப்புறம் ஒரே சொடுக்கில் வஜ்ரக்கோட்டையை நீக்கினேன். போகிற போக்கில் அது, 'எங்களைப் பிரிவது ஏன்? காரணம் சொல்லுங்கள்' என்று கேட்டது. சொன்னேன். பள்ளிக்கூட ஆசிரியையின் கணவன் எழுதக் கூடாத தமிழில் சொன்னேன்.

சாயங்காலம் பிரிஸில்லா வந்தபோது கடைசித் தாம்பாளத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கம்ப்யூட்டரை அவளே போட்டாள். அரை நிமிஷத்தில் திறந்தது.

"நானும் பாத்துகினுதான் இருந்தேன். ரொம்பவே மந்தம். இந்தச் சனிக்கிழமை எடுத்துட்டு லேசான ஒண்ணைப் போடலாம்னு ஜெயக்குமாருகிட்ட சொல்லி வெச்சிருந்தேன்" என்றாள்.

"அதைக் காலையிலயே சொல்லியிருக்கலாமே!"

"நீங்கதான் பன்னண்டு வருஷமா குந்திகினு இருக்கீங்களே, நான் என்னத்தைச் சொல்றது?"

பகல் முழுவதும் வேறொன்று என்னை அரித்துக்கொண்டிருந்தது. நவம்பர் ஒன்பது. அவளால் மறக்க முடியாத நாள். எனக்கோ ஒன்றுமே தோன்றவில்லை. பாத்திரம் கழுவக் கழுவக் குற்ற உணர்ச்சி ஏறிக்கொண்டே போனது. என்ன கணவன் நான்! கடைக்குப் போய் அவளுக்குப் பிடித்த பாதுஷா வாங்கி வைத்திருந்தேன். காப்பியோடு நீட்டினேன்.

"பிரிசி, தப்பா நெனக்காத. நவம்பர் ஒம்போது... நான் உன்னைப் பொண்ணு பாக்க வந்த நாளு தானே?"

"இல்லீங்க. அது தை மாசம்."

"உனக்கு வேலை நிரந்தரம் ஆன நாளு?"

"அது ஜூன்ல." பாதுஷாவை இரண்டாகப் பிட்டு எனக்கும் ஒரு பாதி கொடுத்தாள். முகத்தில் அப்படி ஒரு கனிவு. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"அப்ப என்னம்மா அது? சொல்லேன். இனிமே சாவற வரைக்கும் மறக்க மாட்டேன்."

"போன நவம்பர்ல, ஒரு வாரம் தங்கிட்டு வரேன்னு தெள்ளாருக்கு உங்க அக்கா வீட்டுக்குக் கெளம்புனீங்க இல்ல? அந்த நாளுங்க."