பூந்திக் கரண்டியில் வார்த்த உருண்டைகள்

ஏர்வாடி
6-3-2008

பெங்களூரில் ஆராய்ச்சி செய்யும் என் பேத்தி சேதுலட்சுமிக்கு அப்பத்தா சண்முகவள்ளி ஆசி கூறி எழுதுவது. இங்கு நானும் ஆடுகளும் சுகம். உன் தாத்தாவின் தங்கச்சி கருத்தம்மாளும் சுகம்தான், அவளுக்கென்ன கேடு.

நீ போனில் அழுததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. புரோட்டீனைப் பிரித்தெடுக்கிற குழாய்க்குள் போடும் வெள்ளை உருண்டை காய்ந்து கெட்டுப்போச்சு, வெளிநாட்டிலிருந்து வரவேண்டிய புது உருண்டைப் புட்டி இன்னும் வரவில்லை, இந்த மாசம் வேலையைக் காட்டாவிட்டால் சார் அதை வேறு பிள்ளைக்குக் கொடுத்துவிடுவார் என்றாய். அந்த உருண்டையே நம்ம கடல்பாசியில் செய்வதுதான் என்று பொங்கலுக்கு வந்தபோது நீதானே சொன்னாய்? கண்டதையும் கலந்து ஊற்றினாலும் வேண்டிய ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்ளும், மற்றதெல்லாம் கழுவிக்கொண்டு போய்விடும், அதற்குரிய மருந்தை ஊற்றினால்தான் பிடியை விடும் என்றாய். எனக்கு உடனே விளங்கிவிட்டது. நான் விற்கப் போன பாசியை நிறுத்த வியாபாரியின் தராசு முன்னால், ஊரே நிற்க, "மதினி பாசியில பாதி மணலுல்ல கெடக்கு" என்று கருத்தம்மா சொன்னதை நான் அப்படித்தான் பிடித்து வைத்திருக்கிறேன். அன்றைக்கு அவள் கட்டியிருந்த ஊதாச் சேலை, முந்தியில் இருந்த கிழிசல், எல்லாம் ஞாபகமிருக்கு. மருந்துதான் எவளும் ஊற்றவில்லை.

அதனால் நானே இடுப்பளவுத் தண்ணியில் இறங்கி மரிக்கொழுந்துப் பாசி பறித்து, மணல் போக அலசி அலசி, வெயிலில் வெளுக்கவைத்து, காய்ச்சி வடிகட்டினேன். உருண்டைக்கு என்ன செய்ய? பூந்திக் கரண்டியில் ஊற்றிக் குளிர்ந்த நல்லெண்ணெயில் சொட்டவிட்டேன். முத்து முத்தாக விழுந்தது தாயி! கருத்தம்மா எட்டிப் பார்த்து, "என்ன மதினி, பல்லுப்போன காலத்துல பூந்தியா?" என்றாள். "இது பெங்களூர்ச் சங்கதி, ஒனக்கு வெளங்காது, போடி அங்கிட்டு" என்றேன்.

எண்ணெய் போகக் கழுவி, காயாமல் தண்ணீர் விட்டு டப்பாவில் அனுப்புகிறேன். உருண்டை ஒவ்வொன்றும் மல்லி விதை அளவு இருக்கும். குழாயைப் பெரிசாக வாங்கிக்கொள். மணல் துளியும் இல்லை என்று சாரிடம் சொல்.

கடலாத்தா உன் குழாய் அடைக்காமல் காப்பாள்.

இப்படிக்கு,
எதையும் மறக்காத அப்பத்தா

பின்குறிப்பு: டப்பாவைத் திறந்ததும் அதிரசம் இருக்கிறதே என்று திகைக்காதே. நான் தபால்தலை வாங்கப் போன நேரத்தில் கருத்தம்மா உருண்டை முழுவதையும் சீனிப்பாலில் போட்டுத் தின்றுவிட்டாள். வைய வாயைத் திறந்தேன். அவள் கிண்ணத்தை வழித்துக்கொண்டே, "மதினி, ஒரு பொட்டு மணலு இல்லயே!" என்றாள். மருந்து ஊத்தின மாதிரி பிடி விட்டுப்போச்சு. அதிரசம் அவள் சுட்டது. சாருக்கும் கொடு, புட்டி வரும்வரை பொறுத்துக்கொள்வார். ஊதாச் சேலை மட்டும் இன்னும் ஞாபகமிருக்கு.