டேங்க்கை எங்கே வைப்பது?

மேட்டில் இருக்கும் பீன்ஸ் பாத்தியை உழுது மட்டமாக்குவது என்று தலைவர் தீர்மானம் போட்டார். தலைவர் என்றால், ஒரு காலத்தில் ஆலைத் தொழிலாளர்கள் அத்தனை பேருக்கும் தலைவர். இப்போது அவருக்கு மிஞ்சியிருந்த ஒரே உறுப்பினர் அவருடைய மனைவி. அந்த உறுப்பினரும் ஒரு நாளும் கை தூக்கியதில்லை.

"ஞாயித்துக்கிழமை பழைய தோழர்கள் வர்றாங்க. மேட்டுலதான் கூட்டம். பாத்தி போகுது."

"என் பீன்ஸ் போகுதுன்னு சொல்லுங்க."

"பொதுநலனுக்காக!"

"அந்தப் பொதுவுல நான் இல்லையா?"

அவர் படித்த எந்தத் துண்டுப் பிரசுரத்திலும் இந்தக் கேள்விக்குப் பதில் இல்லை. அதனால் அவர் கொட்டகைக்குப் போய்த் தோட்ட டிராக்டரைத் திறந்தார். பானெட்டுக்குள் இருந்த பெட்ரோல் டேங்க் விரிசல் விட்டு ஒழுகிக்கொண்டிருந்தது. பழைய இரும்புக் கடையில் தேடி வேறொரு டேங்க் கொண்டுவந்தார். அது பெரிய டேங்க். பானெட்டுக்குள் தலையைக்கூட நுழைக்க மறுத்தது.

மனைவி கையைத் துடைத்துக்கொண்டே வந்து பார்த்தாள். பாத்திக்குத் தண்ணீர் விடும் டிரம்மைச் செங்கல் அடுக்கி உயர்த்தி வைத்தவள் அவள்தான்.

"பானெட்டுக்கு மேல ஒரு ஸ்டாண்டு அடிச்சு வைங்க. டேங்க் உயரமா இருக்கணும்."

தலைவர் நிமிர்ந்தார். எதிர்த்தரப்பு ஒன்றைச் சொன்னால் அதில் சூழ்ச்சி இருக்கும். இது அவர் வாழ்நாள் கொள்கை. ஒருமுறை நிர்வாகம் தானாகவே மின்விசிறி மாட்டித் தர வந்தபோது அதை விரட்டியடித்தவர். அந்தக் கோடை முழுக்க ஆலையே வேர்த்து வடிந்தது. ஆனாலும் தன்மானம் காய்ந்த துணியோடு நின்றது.

"உயரமா வெச்சா யாருக்கு லாபம்?"

"சரி, உங்க இஷ்டம். ஆனா சீட்டுக்கு அடியில பின்னால மட்டும் வெச்சுடாதீங்க. சொல்லிட்டேன்."

அவ்வளவு போதும். சாயங்காலத்துக்குள் டேங்க் சீட்டுக்கு அடியில், பின்சக்கரங்களுக்கு நடுவில் தொங்கியது.

பக்கத்து வீட்டு ஒர்க்ஷாப்காரர் மதிலுக்கு மேல் தலையை நீட்டினார். "அண்ணே, அங்க வெச்சா..."

"கருங்காலிகிட்ட யோசனை கேட்கிற அளவுக்கு இயக்கம் இன்னும் தாழ்ந்துடலை!"

பெரிய வேலைநிறுத்தத்தின்போது அந்த மனிதர் பின்வாசல் வழியாக ஆலைக்குள் போனவர். ஆலை மூடி, அந்த இடத்தில் புல் முளைத்த பிறகும் தலைவர் அதை மன்னிக்கவில்லை.

சமதரையில் டிராக்டர் கர்ஜித்தது. மேட்டில் ஏறியது. பாத்தியின் ஓரத்துக்கு வந்ததும் இரண்டு இருமல் இருமிவிட்டு நின்றது.

கீழே உருட்டிவந்து முடுக்கினார். மறுபேச்சில்லாமல் ஓடியது. மறுபடி ஏற்றினார். அதே இடம், அதே இருமல். பிளக்கை மாற்றினார். டியூபை வாயில் வைத்து உறிஞ்சினார். வாய் நிறையப் பெட்ரோல் வந்தது. டேங்க்கில் இருப்பது எஞ்சினுக்கு வரவில்லை, வாய்க்கு மட்டும் வருகிறதே என்று குழம்பினார். இறங்கும்போது குதிரை மாதிரி இறங்குகிற வண்டி, ஏறும்போது ஏன் எருமை ஆகிறது?

"எஞ்சின் வேலைநிறுத்தம் பண்ணுதா?" என்றாள் மனைவி. "கோரிக்கை என்னன்னு கேட்டீங்களா?"

மதில் மேல் தலை மறுபடி முளைத்தது. "அண்ணே, பெட்ரோல் தானா வழிஞ்சுதான் எஞ்சினுக்குப் போகணும். டேங்க் பின்னால தாழ்ந்து கிடக்கு. மூக்கைத் தூக்கி மேடு ஏறினா இன்னும் தாழுது. எப்படிப் போகும்? ரிவர்ஸ்ல ஏறுங்க. டேங்க் மேல வந்துடும்."

"பின்வாங்கச் சொல்றியா? என்னையா?"

"மேட்டுக்குத்தானே போறீங்க!"

"நான் போராட்டத்துல ஒரு அடி பின்வாங்கினதில்லை. எந்த வழியா உள்ள போனாலும் போதும்கிறது உன் கொள்கை!"

தலை இறங்கிவிட்டது. தலைவர் மனைவி பக்கம் திரும்பினார்.

"இதெல்லாம் உனக்கு முன்னாடியே தெரியும்!"

"தெரிஞ்சதாலதானே மேல வைங்கன்னு சொன்னேன்? பின்னால வெக்காதீங்கன்னும் சொன்னேனே. இல்லையா?"

சொன்னாள்தான். ஒரு வார்த்தை பொய்யில்லை. ஒன்றையும் மறைக்கவில்லை. பிறகு எந்த இடத்தில் தோற்றோம்? தலைவர் டிராக்டரைச் சுற்றிச் சுற்றி வந்தார். டேங்க்கை மேலே மாற்றினால் அவளுடைய தீர்மானம் நிறைவேறியதாகும். பின்பக்கமாக ஏறினால் கருங்காலியின் தீர்மானம் நிறைவேறியதாகும். கடைசியில், கூட்டத்தைக் கீழே, துணி காயப்போடும் கொடியடியில் வைப்பது என்று ஏகமனதாக முடிவு செய்தார். அந்த ஏகமும் அவரே.

ஞாயிற்றுக்கிழமை காலை எஞ்சின் சத்தம் கேட்டு வெளியே ஓடினார். கலப்பையைக் கழற்றி ஓரமாகப் போட்டிருந்தார்கள். பானெட் மேல் எரு மூட்டை கயிற்றால் கட்டியிருந்தது. சீட்டில் மனைவி. டிராக்டர் பின்பக்கமாக, ஒரு இருமல்கூட இல்லாமல், மேட்டில் ஏறிக்கொண்டிருந்தது. மதிலுக்கு அப்பால் ஒர்க்ஷாப்காரர் ஒரு கூடை பீன்ஸோடு நின்றார்.

"என்னங்க, சும்மா நிக்காதீங்க! எனக்குப் பின்னால தெரியல. பீன்ஸ் பந்தல்ல இடிச்சுடப் போறேன். அங்க நின்னு வழி சொல்லுங்க!"

பந்தல் விழுந்தால் பழி அவர் மேல்தான் விழும். ஓடினார். அந்த நேரம் பார்த்துத்தான் பழைய தோழர்கள் கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே வந்தார்கள். ஆலை வாசலையே அதிரவைத்த அந்தக் குரலை அவர்கள் பல வருஷம் கழித்து மறுபடி கேட்டார்கள்:

"வரலாம்... வரலாம்... இன்னும் பின்னால வரலாம்!"