முதல் டிவிஷனுக்குப் பந்தி போட்ட விவரம்

சோமனூர்,
ஞாயிற்றுக்கிழமை

பெங்களூரில் பெரிய கம்பெனியில் சின்ன நாற்காலியில் அமர்ந்திருக்கும் அக்காள் மகன் மிதுனுக்கு, மாமன் பாலுசாமி எழுதிக்கொள்வது. நானும் உன் அத்தை தெய்வாத்தாளும் சுகம், தறிகளும் சுகம். உன் சுகத்தை மருதமலை முருகன் பார்த்துக்கொள்வான். போனில் நீ குறுக்கே குறுக்கே பேசுவதால் காகிதத்தில் எழுதுகிறேன். இதில் உன்னால் பேச முடியாது.

மாமன் சோறு போட்டே ஃபுட்பால் டீமைக் கவுத்துப்போட்டார் என்று யாரோ உன்னிடம் சொன்னார்களாமே. வாஸ்தவத்தைக் கேள். தறி நாடாவின் பேர் வைத்த நம்ம ஊர் நாடா கால்பந்துக் கழகம் ரெண்டாம் டிவிஷனில் ஜெயித்து மேலே வந்ததே என் பந்தியால்தான். வெளியூர் டீம் வந்து இறங்கினால் ஆட்டத்துக்கு முன்னால் தலைவாழை இலை, அரிசிபருப்பு சாதம், அதில் குழி பறித்து நெய், கோழி வறுவல், கடைசியில் கட்டித் தயிர். விருந்தாளியை வெறும் வயிற்றோடு ஓடவிடுவது நம்ம பக்கத்து வழக்கமா? போதுங்க என்று இலையைக் கையால் மறைத்தாலும் விரலிடுக்கில் ஊற்றிவிடுவேன். அப்புறம் அவர்கள் மைதானத்தில் நடந்தார்கள், நம்மவர்கள் ஓடினார்கள். ஓர் ஊர்க்காரர் கோல் கம்பத்தில் சாய்ந்து குறட்டையே விட்டார். நான்தான் தலையணை கொண்டுபோய்க் கொடுத்தேன்.

முதல் டிவிஷனில்தான் வினை வந்தது. முதல் ஆட்டத்துக்கு வந்த போத்தனூர் டீமின் கோச் இஸ்மத், பையன்களுக்கு ஆளுக்கொரு வாழைப்பழத்தைக் கொடுத்து, பந்திக்கு வரமாட்டோம் என்றுவிட்டார்.

"ஏனுங்க, எங்க ஊட்டுச் சோறு ஆகாதுங்களா?"

"தப்பா நெனைக்காதீங்க. ஆட்டம் முடியட்டும், அண்டாவையே கவுத்தறோம்."

அதுக்குள்ள சோறு ஆறிப்போயிருமே, மருமகனே. வெந்த சோற்றை வீணாக்கினால் பாவம் என்று நம்ம பையன்களையே உட்காரவைத்துப் போட்டேன். அஞ்சு கோல் வாங்கினோம். அடுத்து வந்த ஊர்க்காரர்கள் ஆப்பிள் கடித்தார்கள், நம்ம ஆட்கள் ரெண்டு பங்கு சாப்பிட்டார்கள், கோலும் ரெண்டு பங்கு வாங்கினார்கள். இப்படியே போய், கடைசி ஆட்டம் கெலித்தால்தான் முதல் டிவிஷனில் இருக்கலாம், இல்லாவிட்டால் மறுபடி கீழே என்ற நிலைமை. தறி ஓட்டிக்கொண்டே டீமை இத்தனை வருசமாகக் கட்டி இழுத்துவந்த கேப்டன் ரூபன் ஊட்டுக்கே வந்து நின்றான்.

"ஏனுங்ணா, கும்பிட்டுக் கேக்கறனுங்க, இந்தத் தடவ எங்களுக்கு எலை போடாதீங்க."

"பசியோட எப்படி கண்ணு ஓடுவ?"

"பசியோட ஓடிருவனுங்ணா. உங்க சோத்தோடதான் ஓட முடியறதில்ல."

உன் அத்தை அவன் பக்கம் சாய்ந்துவிட்டாள். "ஆட்டம் முடிஞ்சு மூடியத் தொறந்தா உங்க கை தேஞ்சா போயிரும்?"

சரியென்று, கிணத்துக்கடவு டீமின் கோலுக்குப் பின்னாலேயே அடுப்பைக் கூட்டி அண்டாவை ஏற்றினேன். நம்ம பையன்கள் காலி வயிற்றில் காற்றாய்ப் பறந்தார்கள். ஆனாலும் ரெண்டு பக்கமும் கோல் விழவில்லை. ஆட்டம் முடியும் நேரம். அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. மூடியை லேசாகத் திறந்தேன். நெய் வாசம் போனது. கோல் காக்கும் கோலி திரும்பிப் பார்த்தார். அந்த நொடியில் பந்து உள்ளே. வலையைக் கிழித்துக்கொண்டு அவிநாசி ரோடு வரை போய் ஒரு பஸ்ஸை நிறுத்தியது. டீமைக் கவிழ்த்தது யாரு, நிமிர்த்தினது யாரு என்று நீயே யோசித்துக்கொள்.

அக்காளுக்கு என் வணக்கம். உனக்கு நல்ல இடமாக அமைந்து, நல்ல சோறாகக் கிடைத்து, நீ நூறாண்டு இருக்கவேண்டும்.

இப்படிக்கு,
மாமன் பாலுசாமி

பி.கு.: உன் அத்தை இதைப் படித்துவிட்டு இன்னும் நாலு வரி எழுதச் சொல்கிறாள். இடைவேளையில் ரெண்டு டீமும் பக்கம் மாறுமாம். நான் அப்போது தாளித்துக்கொண்டிருந்தேன், கவனிக்கவில்லை. திரும்பிப் பார்த்தவர் நம்ம கோலி. மற்றபடி எல்லாம் நான் எழுதியபடிதான். கிணத்துக்கடவுக்காரர்கள் உட்கார்ந்து மூணு வட்டம் சாப்பிட்டுவிட்டு, "சீக்கிரம் மேல வந்துருங்க" என்று ரூபன் தோளைத் தட்டிவிட்டுப் போனார்கள். அவனும் சிரித்தான். வந்துவிடுவோம். அடுத்த வருசம் ரெண்டாம் டிவிஷன். அங்கே வருகிறவர்கள் ஆட்டத்துக்கு முன்னாலேயே சாப்பிடுகிறவர்கள்.