தரச்சான்று பெற்ற அடை

நெருப்பு, சக்கரம், அச்சு இயந்திரம் ஆகியவற்றுக்குப் பிறகு மனித குலத்தைத் தூக்கி நிறுத்திய கண்டுபிடிப்பு ஒன்று உண்டு. அது 2010ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் சாலையில் ஆலப்பாக்கம் தாண்டி இருக்கும் எங்கள் பொறியியல் கல்லூரியின் விடுதிச் சமையலறையில் நிகழ்ந்தது. இதை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை. பதினொரு பேராசிரியர்கள் கையெழுத்திட்ட அறிக்கை இருக்கிறது. நாற்பத்திரண்டு 'ஸ்லைடு' இருக்கிறது. அவற்றைத் தொகுத்தவன் என்ற முறையில் நானும் இருக்கிறேன்.

என் பெயர் கலியமூர்த்தி. கல்லூரி நூலகர். எங்கள் நூலகத்துக்கு யாரும் வந்து தொந்தரவு செய்வதில்லை என்பதால், எனக்குத் 'தர மேம்பாட்டு ஒருங்கிணைப்பாளர்' என்ற பொறுப்பையும் கொடுத்திருந்தார்கள். தரம் எங்கே இருக்கிறதோ அங்கே போய் அதை மேம்படுத்துவது என் வேலை. ஆறு வருடமாகத் தேடிக்கொண்டிருந்தேன்.

எங்கள் தாளாளர் திரு. கண்ணாயிரம் அவர்கள் கல்வித் தொண்டுக்கு வருமுன் பண்ருட்டியில் முந்திரி மண்டி வைத்திருந்தவர். சவுக்குத் தோப்பாகக் கிடந்த இடத்தில் சவுக்கை வெட்டிவிட்டு மாணவர்களை நட்டவர். அப்பேர்ப்பட்டவருக்கு டெல்லியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. தரச்சான்றுக் குழு பார்வையிட வருகிறது. 'ஏ' தரம் கிடைத்தால் கல்லூரியின் பெயர்ப்பலகையில் போட்டுக்கொள்ளலாம். அதில் ஏழாவது கேள்விதான் வினையாக வந்து சேர்ந்தது. "உங்கள் நிறுவனத்தில் மட்டுமே காணக்கூடிய சிறந்த நடைமுறை ஒன்றைச் செயல்விளக்கத்துடன் காட்டுக."

உடனே கூட்டம் போட்டோம்.

"நம்மகிட்ட என்னய்யா சிறப்பா இருக்கு?" என்று தாளாளர் கேட்டார்.

முதல்வர் முனைவர் தட்சிணாமூர்த்தி எழுந்து நின்றார். "ஒழுக்கம் சார். நம்ம காலேஜ்ல பசங்களும் பொண்ணுங்களும் பேசிக்கக் கூடாது. பேசுனா சஸ்பெண்ட்."

"அது எல்லா காலேஜிலயும்தான் இருக்கு. வேற?"

"லேத் மெஷின் ரெண்டு இருக்கு சார்" என்றார் மெக்கானிக்கல் துறைத் தலைவர் இளவரசு.

"ஓடுதா?"

"ஓடல சார். ஆனா போன மாசந்தான் பெயிண்ட் அடிச்சோம்."

அதன் பிறகு அரை மணி நேரம் பதினொரு பேராசிரியர்களும் மின்விசிறியைப் பார்த்தபடி கல்லூரியின் சிறப்புகளை நினைத்துக்கொண்டிருந்தார்கள். நாலரை மணிக்கு டீயும் டிபனும் வந்தன. தாளாளர் தட்டில் இருந்ததைப் பிட்டு வாயில் போட்டார். போட்டவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இது என்னாது? மொறுமொறுன்னு நல்லாருக்கே! எந்த ஓட்டல்ல வாங்குனது?"

இங்கே ஒரு விளக்கம் தேவை. எங்கள் விடுதியில் மதியச் சாப்பாட்டை ஒப்பந்தக்காரர் செய்கிறார். திங்கள், புதன், வெள்ளி உருளைக்கிழங்குப் பொரியல். செவ்வாய், வியாழன், சனி முட்டைக்கோஸ் பொரியல். ஞாயிறு விசேஷமாக இரண்டும். உப்பு, காரம் இரண்டு விஷயத்திலும் அந்தப் பொரியல் முழு நடுநிலை வகித்தது. அதனால் மாணவர்கள் அதை அண்டாவில் அப்படியே விட்டுவிட்டுப் போவார்கள். சாயங்கால டிபன் போடும் சின்னம்மாள் என்ற பெண்மணி, அன்றன்றைக்கு மிஞ்சிய கிழங்கையோ கோஸையோ பிசைந்து, அரிசி மாவும் கடலை மாவும் தூவி, வெங்காயம், பச்சைமிளகாய், சோம்பு கிள்ளிப் போட்டு, உள்ளங்கையில் தட்டிக் கல்லில் சுட்டுப் போடுவார். மதியம் தொடாத கிழங்குக்காகச் சாயங்காலம் இருநூறு பேர் வரிசையில் அடித்துக்கொள்வார்கள். ஆறு வருடமாக இது நடந்துவந்தது. நானும் தினமும் நாலு தின்றேன். ஆனாலும் அது தரம் என்று எனக்குத் தோன்றவில்லை. அதற்குத்தான் கூட்டம் தேவைப்படுகிறது.

சின்னம்மாளை அழைத்து வந்தார்கள். புவனகிரிக்காரர். முந்தானையில் கையைத் துடைத்தபடி வாசலிலேயே நின்றார்.

"இதை எப்படிம்மா கண்டுபுடிச்ச?" என்றார் தாளாளர்.

"எதங்கய்யா?"

"இந்த அடைய."

"கண்டுல்லாம் புடிக்கலைங்க. வீணாப் போவுதேன்னு தட்டிப் போட்டேன்."

"'வீணாதல் தவிர்ப்பு'. எழுதிக்கோங்க!" என்று முதல்வர் கத்தினார். பதினொரு பேனாக்கள் ஓடின. மறுசுழற்சி, சுற்றுச்சூழல், பசுமை வளாகம் என்று ஆளுக்கு ஒரு வார்த்தையாக அடைமேல் தூவினார்கள். பத்தே நிமிடத்தில் அதற்கு 'மீள்பயன்பாட்டுக் காய்கறி வட்டு' என்று பெயர் சூட்டப்பட்டது.

தாளாளருக்கு மனம் குளிர்ந்துவிட்டது. "உனக்கு என்னம்மா வேணும்? கேளு."

சின்னம்மாள் தயங்கவே இல்லை. ஆறு வருடமாக அந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தார் போல. "எம்பொண்ணு வெண்மதி பிளஸ் டூ எழுதியிருக்குங்க. நல்லாப் படிக்கும். அவுங்க அப்பாவும் இல்ல. இந்த காலேஜ்லயே ஒரு சீட்டு, ஃபீஸ் இல்லாம குடுத்தீங்கன்னா எங்க சாமியே நீங்கதான்."

"'ஏ' கிரேடு வரட்டும். ஒம்பொண்ணுக்கு சீட்டு. இது கண்ணாயிரம் வாக்கு."

அந்த அம்மாளின் கண் கலங்கியதை நான் பார்த்தேன். அடுத்த தட்டு அடை அன்றைக்கு இன்னும் ருசியாக இருந்தது.

மறுநாள் முதல் பேராசிரியர்கள் சமையலறைக்குள் குடியேறினார்கள். மூன்று நாள் 'கள ஆய்வு'. ஒருவர் அடையின் விட்டத்தை வெர்னியர் காலிப்பர் வைத்து அளந்தார். ஒருவர் கல்லில் அது பொரியும் சத்தத்தைப் பதிவு செய்தார். இளவரசு சார் அடையைத் திருப்புவதற்கு ஸ்பிரிங் வைத்த கருவி ஒன்றை வடிவமைத்தார். அது திருப்பிய முதல் அடை இன்றும் பரணில்தான் இருக்கிறது.

"உப்பு எவ்ளோம்மா போடற?" என்று கேட்டார் கெமிஸ்ட்ரி பேராசிரியர்.

"கைக்கு வர்ற அளவுதான் சார்."

"கை எவ்ளோ?"

சின்னம்மாள் கையை விரித்துக் காட்டினார். அதைப் புகைப்படம் எடுத்துப் பதினேழாவது ஸ்லைடில் போட்டோம்.

சின்னம்மாள் பொறுமையாக ஒவ்வொருவருக்கும் கரண்டியைக் கொடுத்துச் சுடச் சொன்னார். ஒருவரும் ஒன்றுகூட உருப்படியாகச் சுடவில்லை. பிய்ந்தது, கருகியது, கல்லோடு ஒட்டிக்கொண்டது. ஆனால் ஏன் பிய்ந்தது என்பதைப் பதினொருவரும் மிக அழகாக விளக்கினார்கள். சின்னம்மாள் அதை எல்லாம் கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். அறிவைக் கண்டு வியக்கிறார் என்று நான் குறிப்பெடுத்துக்கொண்டேன்.

குழு வரும் நாளும் வந்தது. அன்றைக்குத்தான் எங்கள் நிர்வாகத் திறமை உச்சத்தைத் தொட்டது. குழுவினர் மாணவர்களோடு உட்கார்ந்து சாப்பிடக்கூடும் என்று கேள்விப்பட்ட தாளாளர், சிதம்பரத்திலிருந்து ராஜாமணி என்ற கல்யாணச் சமையல்காரரை வரவழைத்துவிட்டார். மிளகு போட்டு வறுத்த உருளைக்கிழங்கு. தேங்காய் துருவிப் போட்ட கோஸ் பொரியல். மாணவர்கள் முதல் வாய் வைத்ததும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு குனிந்தவர்கள் நிமிரவில்லை.

இரண்டு மணிக்கு நான் போய்ப் பார்த்தபோது அண்டா கழுவி வைத்தது போல இருந்தது. ஆனால் யாரும் கழுவவில்லை.

முதல்வரிடம் ஓடினேன். "சார், மிச்சம் இல்ல!"

"எவ்ளோ இல்ல?"

"ஒண்ணுமே இல்ல சார். நாலரைக்கு டெமோ."

முதல்வர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். பதறினாலும் நிதானம் இழக்காதவர் அவர். உடனே சுற்றறிக்கை ஒன்றைச் சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்தேன். "இன்று மதிய உணவு உண்ட மாணவர்கள் அனைவரும் தங்கள் பொரியலில் பத்து சதவீதத்தை மாலை மூன்று மணிக்குள் விடுதிக் காப்பாளரிடம் திரும்ப ஒப்படைக்க..."

"எப்படி சார் ஒப்படைப்பாங்க?"

முதல்வர் தாளை வாங்கி ஒரு தடவை படித்துவிட்டு, "அந்த வரிய நீக்கிடுங்க" என்றார்.

இந்த நெருக்கடியில் கல்லூரியைக் காப்பாற்ற வந்தவர் இளவரசு. "மிச்சம் இல்லன்னா என்ன சார்? மிச்சத்த நாமளே உற்பத்தி பண்ணுவோம்."

கல்லூரி ஜீப் கடலூர் திருப்பாதிரிப்புலியூர் மார்க்கெட்டுக்குப் பறந்தது. இருபது கிலோ கிழங்கு, எட்டு கோஸ். கெமிஸ்ட்ரி லேபில் கிழங்கை வேகவைத்தோம். எங்கள் அறிக்கைப்படி மிச்சத்தின் வயது குறைந்தது மூன்று மணி நேரம். எங்களிடம் இருந்ததோ ஒரு மணி நேரம். அதனால் கல்லூரியில் ஏ.சி. இருக்கும் ஒரே இடமான கம்ப்யூட்டர் லேபில், கீபோர்டுகளை ஒதுக்கி வைத்துவிட்டு, கிழங்கையும் கோஸையும் தட்டு தட்டாகப் பரப்பி வயசாக வைத்தோம்.

அப்போது முதல்வருக்கு ஒரு சந்தேகம். "யாரும் சாப்பிடாம இது எப்படி மிச்சம் ஆவும்?"

நியாயமான கேள்வி. இளவரசு ஒரு ஸ்பூனை எடுத்தார். ஒரு தட்டிலிருந்து ஒரு வாய் தின்றார். "இப்ப இது மிச்சம்" என்றார். அடுத்த தட்டுக்கு நகர்ந்தார். பதினொரு பேரும் வரிசையாக ஸ்பூனோடு நகர்ந்த அந்தக் காட்சியை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். ஒவ்வொரு தட்டிலும் 'மதிய மிச்சம்' என்று நான் சீட்டு ஒட்டினேன்.

செயல்விளக்கம் எங்களுடையது என்பதால், நாலு மணிக்கு விடுதிச் சமையலறையில் பேராசிரியர்களே பிசைந்தார்கள். கோஸ் தண்ணீர் விட்டது. மாவைக் கொட்டினார்கள், கூழானது. இன்னும் கொட்டினார்கள், பசையானது. கல்லில் ஊற்றியபோது அது அடையாகவும் இல்லை, தோசையாகவும் இல்லை. முதல்வருக்கு வியர்த்துவிட்டது. வாசலில் நின்ற சின்னம்மாளின் முகம் அதைவிட வெளுத்திருந்தது. எங்களுக்குப் போனால் ஒரு எழுத்து. அவருக்குப் போவது பெண்ணின் படிப்பு.

"நவுருங்க சார்" என்றார்.

நவுந்தோம். மீதிக் கோஸைத் துணியில் போட்டு முறுக்கிப் பிழிந்தார். கிழங்கை வெறும் கல்லில் புரட்டி ஈரத்தைப் போக்கினார். பிசைந்தார், கிள்ளிப் போட்டார், தட்டினார். பத்து நிமிடம். குழு உள்ளே நுழைந்தபோது முதல் அடை பொன்னிறமாகத் தட்டில் விழுந்தது.

குழுத் தலைவர் சுப்பிரமணியன் முப்பது வருடம் டெல்லியில் இருந்தாலும் பூர்வீகம் சிதம்பரம். முதல்வர் நாற்பத்திரண்டு ஸ்லைடையும் காட்டினார். அவரோ அடையையே பார்த்தார். ஒன்று தின்றார். இரண்டு, மூன்று. ஐந்தாவதில் நிறுத்திவிட்டு, "இது மிச்சத்துல செஞ்சது இல்லையே. கோஸ் புதுசா இருக்கே" என்றார்.

பதினொரு பேராசிரியர்களும் மறுபடி மின்விசிறியைப் பார்த்தார்கள்.

"புதுசுதாங்க" என்றார் சின்னம்மாள். பொய் சொல்ல அவருக்கு யாரும் பயிற்சி தரவில்லை. எங்கள் தயாரிப்பில் இருந்த ஒரே குறை அது. "இன்னிக்கி சாப்பாடு நல்லாருந்துச்சு. புள்ளைங்க எல்லாத்தயும் தின்னுடுச்சிங்க. தெனைக்கும் நல்லா ஆக்கிப் போட்டா மிச்சம் எப்படிங்க விழும்?"

தாளாளர் கண்ணை மூடிக்கொண்டார். சுப்பிரமணியன் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டே ஆறாவதை எடுத்தார்.

மே மாதம் அறிக்கை வந்தது. சிறந்த நடைமுறை: அடை. பிற துறைகளில் சிறந்த நடைமுறை: காணப்படவில்லை. ஆயினும் அடை தனித்துவமானது என்பதால் தரம்: 'ஏ'. ஆலப்பாக்கம் முதல் கடலூர் வரை ஃபிளெக்ஸ் வைத்தோம். தாளாளர், முதல்வர், பதினொரு பேராசிரியர்கள், ஓரத்தில் நான். நடுவில் பெரிதாக அடை. சுட்டவர் படத்துக்கு இடம் போதவில்லை.

ஆனால் தாளாளர் வாக்குத் தவறவில்லை. வெண்மதி ஆயிரத்துக்கு மேல் மார்க் வாங்கியிருந்தாள். கட்டணமில்லாத சேர்க்கைக் கடிதத்தை முத்திரை போட்டு என்னிடம் கொடுத்தார். ஜூன் முதல் வாரம் நான் அதை ஒரு தட்டில் வைத்து, ஃபோட்டோகிராபரையும் கூட்டிக்கொண்டு சமையலறைக்குப் போனேன்.

சின்னம்மாள் கடிதத்தை வாங்கிப் பார்த்தார். மடித்துத் திரும்பத் தட்டிலேயே வைத்தார்.

"வேணாம் சார். பொண்ண கடலூர் கவர்மெண்ட் காலேஜ்ல சேத்துட்டேன். பி.எஸ்ஸி. கணக்கு."

நான் திடுக்கிட்டுவிட்டேன். "என்னம்மா இது! சும்மா கெடைக்குது. 'ஏ' கிரேடு காலேஜு!"

"ஆசப்பட்டுதான் சார் கேட்டேன். கோட்டும் டையுமா போற புள்ளைங்கள ஆறு வருஷமா பாத்து ஆசப்பட்டேன். ஆனா மூணு நாளு பதினோரு வாத்தியாருங்க எங்கூடயே நின்னாங்க. கரண்டியக் கையில குடுத்து சொல்லித் தந்தேன். ஒருத்தருக்கும் ஒரு அடையத் திருப்பிப் போட வரல. ஏன் வரலன்னு மட்டும் மணிக்கணக்காப் பேசுனாங்க. இவுங்களாண்ட நாலு வருஷம் எம்பொண்ண விட்டுட்டு நான் என்ன சார் பண்றது?"

ஃபோட்டோகிராபர் காமிராவைக் கீழே இறக்கினார். நிறுவனத்தின் மானம் என் கையில் இருந்ததால் நான் விடவில்லை.

"தாளாளர் மனசு கஷ்டப்படும்மா. ஏதாவது கேளு. உனக்கு என்ன வேணும்?"

சின்னம்மாள் அடுப்பைப் பார்த்தார். "அப்டின்னா, பெருசா ஒரு தோசக்கல்லு வாங்கிக் குடுக்கச் சொல்லுங்க சார். இன்னும் கொஞ்சம் ஜாஸ்தியா சுட்டுப் போடறேன். பாவம், வூட்ட வித்து ஃபீஸ் கட்டிட்டு வந்து நிக்குதுங்க புள்ளைங்க. அந்த அடைய வுட்டா வேற என்ன கெடைக்குது இங்க அதுங்களுக்கு?"