உன் அக்கா எனக்கு மக் தேடுகிறாள்

என் அன்புக்கும் அவ்வப்போது என் கோபத்துக்கும் உரிய மைத்துனனுக்கு,

உன் அத்தான் எழுதிக்கொள்வது. இவ்விடம் அனைவரும் சுகம். இந்த ‘அனைவரும்’ என்பதில் என் இதயத்தின் ஒரு வால்வை மட்டும் கழித்துக்கொண்டு படிக்கவும். அவ்விடம் நீயும் உன் மனைவியும் பிள்ளைகளும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இல்லையென்றாலும் இப்போது எழுதாதே. என்னிடம் புதிதாகக் கவலைப்பட இடமில்லை.

ஆபரேஷனுக்குத் தேதி குறித்துவிட்டார்கள். வருகிற வியாழக்கிழமை. நூற்றுக்குத் தொண்ணூறு பேர் எழுந்து நடந்தே வீட்டுக்குப் போகிறார்கள் என்று டாக்டர் சிரித்த முகமாகச் சொன்னார். நான் காலமெல்லாம் லிஃப்ட் இன்ஸ்பெக்டராக இருந்தவன். நூறு லிஃப்டில் தொண்ணூறு கீழே விழாது என்று நான் சான்றிதழ் எழுதியிருந்தால் என்னைப் பிடித்து உள்ளே போட்டிருப்பார்கள். டாக்டருக்கு மட்டும் எல்லோரும் கும்பிடு போடுகிறார்கள். போகட்டும். நான் எழுத வந்தது வால்வைப் பற்றி அல்ல, உன் அக்காவைப் பற்றி.

அவளுக்குப் பழைய சாமான் கடைப் பைத்தியம் உண்டென்பது நீ அறிந்ததே. பஸ் நிறுத்தத்துக்கு எதிரே ஒரு கடை. ஆள் போன வீடுகளை மொத்தமாகக் காலி செய்து, கட்டில் முதல் நகவெட்டி வரை கொண்டுவந்து அடுக்கி விற்கிறார் ஒருவர். மற்ற பெண்கள் அங்கே அலமாரி, கடிகாரம் என்று உருப்படியாக ஏதாவது வாங்குவார்கள். உன் அக்கா மக் வாங்குவாள். குளியலறை மக் இல்லை, காபி குடிக்கிற பீங்கான் மக். எடுப்பாள், திருப்புவாள், நகத்தால் சுண்டி விரிசல் இருக்கிறதா என்று காதை வைத்துக் கேட்பாள், பிறகு கன்னத்தில் வைத்துப் பார்ப்பாள். அப்போது அவள் முகத்தைப் பார்க்கணுமே, கல்யாணத்தன்று கூட அப்படிச் சிரித்ததில்லை. கடைசியில் கடைக்காரரிடம் “இது யாரோடது?” என்று கேட்டு, அந்தப் பெயரையே மக்குக்கும் வைத்துவிடுவாள். எங்கள் அடுப்படி அலமாரியில் இப்போது ஒரு நர்ஸம்மா, ஒரு டிரைவர், முன்கோபக்கார வாத்தியார் ஒருவர், இன்னும் யார் யாரோ வரிசையாகத் தொங்குகிறார்கள். காலையில் பல் தேய்த்துவிட்டு வந்து உட்கார்ந்தால், “நேத்து டிரைவர்ல குடிச்சீங்க, இன்னிக்கு நர்ஸம்மாவுல குடிங்க” என்கிறாள். ஒரு மனுஷன் இதைக் கேட்டுக்கொண்டே காபியை விழுங்க வேண்டும்.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டுதான் இருந்தேன், ஏனென்றால் கைக்கு எது வருகிறதோ அதில் குடித்துவிட்டுப் போகிறவன் நான். எனக்கென்று மக் கிடையாது, தேவையும் பட்டதில்லை. ஆனால் டாக்டர் தேதி சொன்ன மறுநாளே உன் அக்கா, “உங்களுக்குன்னு ஒரு மக் பாக்கணும், கிளம்புங்க” என்று செருப்பை மாட்டிக்கொண்டு நிற்கிறாள். எதுக்கு என்று கேட்டேன். “அலமாரியில எல்லாருக்கும் இருக்கு, உங்களுக்குத்தான் இல்ல” என்கிறாள். “அடியே, அதுல இருக்கிறவங்க எல்லாரும் செத்தவங்கடி!” என்று கத்தினேன். “அதுக்கென்ன இப்போ?” என்கிறாள். மச்சான், நீயே சொல்லு. ஆளை ஆபரேஷனுக்கு அனுப்பறதுக்கு முன்னாடியே அலமாரியில கொக்கி அடிச்சு வச்சா, அதுக்கு என்ன அர்த்தம்?

தினமும் கடைக்கு இழுத்துக்கொண்டு போகிறாள். ஒவ்வொன்றாக என் கையில் கொடுத்து, பிடிக்கச் சொல்லி, தள்ளி நின்று பார்க்கிறாள். அப்புறம் “யார் வீட்டுது?” என்று கேட்கிறாள், கடைக்காரர் சொன்னதும் உச்சுக்கொட்டி வாங்கித் திரும்ப வைக்கிறாள். போன செவ்வாய்க்கிழமை ஒரு குட்டை மக்கின் கைப்பிடியில் என் விரல் மாட்டிக்கொண்டது. இந்த வால்வு தொந்தரவில் விரலெல்லாம் வீங்கித்தான் கிடக்கிறது, உள்ளே போனது வெளியே வரமாட்டேன் என்கிறது. கடைக்காரர் சோப்புத் தண்ணீர் கொண்டுவந்தார். கட்டில் வாங்க வந்த ஒரு அம்மா “உடைச்சு எடுத்துடுங்க” என்று யோசனை சொன்னாள். உன் அக்கா பதறிப்போய், “ஐயோ, வேண்டாம் வேண்டாம், நல்ல பீங்கான்! விரல் தானா வத்தும்” என்றாள். கேட்டியா? விரல் வத்துமாம்!

விரலை உருவிக்கொண்டு நான் உட்கார்ந்திருக்கும்போது கசங்கிய சட்டையோடு ஒருவர் வந்தார். அவருடைய அப்பா போன மாதம் போய்விட்டாராம், வீட்டுச் சாமான் எல்லாம் இந்தக் கடைக்குத்தான் வந்ததாம், அப்பாவின் மக் மட்டும் திரும்ப வேண்டுமாம். கடைக்காரர் பாவம், அந்த வீட்டுக் கூடையை அப்படியே தூக்கி வைத்தார். ஒரு கூடை நிறைய மக். “எது சார் அப்பாவோடது?” அந்த மனுஷர் ஒன்றை எடுத்தார், வைத்தார், இன்னொன்றை எடுத்தார். தங்கைக்குப் போன் போட்டார். அவள் நீலம் என்றாளாம். கூடையில் நீலமே இல்லை. அண்ணனுக்குப் போட்டார். அவன், “அப்பா எங்கடா காபி குடிச்சாரு, டீதானே” என்று சண்டைக்கு வந்துவிட்டான். உன் அக்கா உதவி செய்கிறேன் பேர்வழி என்று எல்லாவற்றையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எல்லாம் ஒரே மாதிரி தேய்ந்திருந்தது. “கைக்கு வந்ததுல குடிச்ச மனுஷர் போலிருக்கு” என்று சொல்லிவிட்டு மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் எனக்குக் காரியமே முடிந்துவிட்டது மச்சான். அந்த மனுஷர் கூடையையே கட்டிப்பிடித்துத் தூக்கிக்கொண்டு போனார்.

ஆகவே நீ உடனே உன் அக்காவுக்குக் கண்டிப்பாக ஒரு கடிதம் எழுத வேண்டியது. நீ நேரில் வர வேண்டாம், லீவை வீணாக்காதே. வியாழக்கிழமை வரை கடைப்பக்கம் தலை வைக்கக் கூடாது, உயிரோடு இருப்பவனுக்கு நினைவுப்பொருள் தேடக் கூடாது, இந்த இரண்டையும் தம்பி என்ற உரிமையில் அழுத்தமாக எழுது. நான் சொன்னால் காதிலேயே வாங்கமாட்டாள்.

உன் பிள்ளைகள் எல்லா வளமும் பெற்று நீடூழி வாழ ஆசி கூறுகிறேன். உன் மனைவியை விசாரித்ததாகச் சொல்லவும். பழைய சாமான் கடை எங்கிருக்கிறது என்று மட்டும் அவளுக்குச் சொல்ல வேண்டாம்.

இப்படிக்கு,
இதை எழுதும் வரை இருக்கிற
உன் அத்தான்

பி.கு.: மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிட்டதாக வைத்துக்கொள். உறையில் போடுவதற்குள் உன் அக்கா படித்துவிட்டாள். கத்துவாள் என்று பார்த்தேன், தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் குடிக்க ஒரு மக் கொண்டுவரச் சொன்னார்களாம். “நம்ம வீட்டுல இருக்கிறதெல்லாம் போனவங்களோடது. அதுல ஒண்ண எடுத்துட்டுப் போய் அங்க உங்க தலமாட்டுல வைக்க எனக்கு மனசு வருமா?” என்கிறாள். புதுசு வாங்கேண்டி என்றேன். “புதுசை எப்படி நம்புறது? இத்தனை வருஷம் கீழ விழாம இருந்ததுதானே தாங்கும்” என்கிறாள். இதற்கு ஒரு லிஃப்ட் இன்ஸ்பெக்டர் என்ன பதில் சொல்வது?

இன்று காலை நான் தனியாகக் கடைக்குப் போனேன். கடைக்காரர் மேஜையில் அவர் குடித்துக்கொண்டிருந்த மக் இருந்தது, பாதி டீயோடு. அதுதான் வேண்டும் என்றேன். “சார், இது என்னோடது, விக்கிறதுக்கில்ல” என்றார். “அதனாலதான் கேக்கறேன், நீங்க உயிரோட இருக்கீங்க” என்றேன். மிச்ச டீயைக் குடித்தார், கழுவினார், பேப்பரில் சுற்றிக் கொடுத்தார். “விக்கல சார், இரவல். நீங்களே கொண்டுவந்து குடுக்கணும். உங்க வீட்டம்மாகிட்ட குடுத்து அனுப்பினா வாங்கிக்க மாட்டேன்” என்றார்.

உன் அக்கா அதைத் துணிப்பையில் வைத்து ஜிப்பை இழுத்துவிட்டாள். எடுத்துப் பார்க்கக்கூட விடமாட்டேன் என்கிறாள். நீ லீவு போட்டுவிட்டுப் புதன்கிழமையே வந்துவிடு மச்சான். ஆபரேஷன் நடக்கும்போது அவள் தனியாக ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருக்கக் கூடாது. எனக்கும் ரொம்பப் பயமா இருக்குடா.