கிரியாட்டினின் இறங்கிவிட்டது, மன்னித்துவிடு

அன்பும் மரியாதையும் மிகுந்த அக்காவுக்கு,

ஒன்பது வருடம் உன்னோடு பேசாமல் இருந்த தம்பி எழுதுவது. நீயும் மாமாவும் நலமாக இருக்க வேண்டும். இங்கே நானும் நலமாகத்தான் இருக்கிறேன். அதைச் சொல்லத்தான் நான்கு நாளாகத் தைரியம் வரவில்லை.

நடந்தது இதுதான். கேமராப் பையைத் தூக்கினால் மூச்சு வாங்குகிறதே என்று ஐம்பத்திரண்டு வயதில் ஜிம்மில் சேர்ந்தேன். ஆசை யாரை விட்டது? அங்கிருந்த மாஸ்டர், "சார், இந்தப் பவுடரைக் கலக்கிக் குடிங்க, தோள் ரெண்டும் கதவு மாதிரி ஆயிடும்" என்றார். குடித்தேன், ஜன்னல் அளவுக்குக்கூட ஆகவில்லை. என் வீட்டுக்காரி, "ரத்தம் பாத்துட்டு அப்புறம் ஆடுங்க" என்றாள். நானோ அதற்கு முந்தின நாள் வெறி பிடித்தாற்போல் எடை தூக்கி, ஒரு முழுக்கோழியைத் தின்று, காலையில் சொட்டுத் தண்ணீர் குடிக்காமல் லேபுக்குப் போய்க் கையை நீட்டினேன். ரிப்போர்ட்டில் கிரியாட்டினின் 1.9, அதற்குக் கீழே இஜிஎஃப்ஆர் என்று ஒன்று, 42. "முதல் நம்பர் ஏறக் கூடாது, ரெண்டாவது இறங்கக் கூடாது, ரெண்டும் கிட்னி கணக்குதான்" என்றாள் லேப் பெண். எனக்கு இரண்டும் தப்பான திசையில் போயிருந்தன. டாக்டரிடம் போகாமல் அழுதுகொண்டே உனக்குப் போன் அடித்தேன்.

ஏன் உனக்கு? உன் மகள் கல்யாணத்துக் குடும்பப் படத்தில் உன் தலையை வெட்டிவிட்டேனே, அப்போதே 'தவறிப்போச்சு அக்கா' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தொழில் தெரியாதவன் என்பார்களோ என்ற பயத்தில், "தலைக்கனம் உள்ளவங்க ஃபிரேமுக்குள்ள அடங்க மாட்டாங்க" என்று சபையில் சொன்னேன். ஊரே சிரித்தது. நீ எழுந்து போனாய். அந்தச் சிரிப்பை நினைத்து நான் வெட்கப்படாத நாள் இல்லை.

அப்படிப்பட்டவனிடம் நீ, "அழாதேடா, எனக்கு ரெண்டு இருக்கு, ஒண்ணை எடுத்துக்கோ" என்றாய். அதன் பிறகு தினமும் போன். நீ சொல்லிப் போய்ப் பார்த்த டாக்டரோ பவுடரை நிறுத்தி, தண்ணீர் குடிக்கச் சொல்லி, "ஒரு தடவை பாத்து முடிவு கட்டாதீங்க, பத்து நாள் கழிச்சு வாங்க" என்றார். போனேன். 1.0, 90. குதிக்க வேண்டியவன் பெஞ்சில் உட்கார்ந்து கவலைப்பட்டேன். கிட்னி சரியானால் அக்கா பேச மாட்டாளே! அதனால் போனில் ஈனக்குரலில் பேசினேன். "கால் வீங்குதா?" என்று கேட்டாயே, "கொஞ்சம்" என்றேன். செருப்புதான் சின்னது. முந்தாநாள் நீ எனக்குக் கிட்னி தருவதற்காக மாமாவுக்குத் தெரியாமல் ரத்தம் சோதிக்கக் கொடுத்து, ரிப்போர்ட்டை என் ஸ்டூடியோவுக்கு அனுப்பச் சொன்னபோதும் பாவி நான் வாயைத் திறக்கவில்லை.

உனக்கு இனி எந்தச் சிரமமும் வேண்டாம். பேசப் பிடிக்காவிட்டால் பேசாதே. மாமாவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசிகள்.

இப்படிக்கு,
திட்டு வாங்கத் தகுதியான உன் தம்பி

பி.கு.: கவரை ஒட்டும் நேரத்தில் உன் ரிப்போர்ட் வந்தது. பிரித்துப் பார்த்தேன். உன் இரண்டாவது எண், அந்த இறங்கக் கூடாத எண், 34. நீ பவுடர் குடிப்பவள் இல்லை. டாக்டரைக் கூப்பிட்டேன். "பயப்படாதீங்க, திரும்பப் பாக்கணும், ஆனா நாளைக்கே கூட்டிட்டு வாங்க" என்றார். மேலே எழுதியதில் ஒரு வரியும் செல்லாது. பேசாமல் இருக்க உனக்கு அனுமதி இல்லை. இதைத் தபாலில் போடவில்லை, நானே கொண்டுவந்து தருகிறேன். படித்துவிட்டு வேண்டியமட்டும் திட்டு, ஆனால் வண்டியில் ஏறிக்கொண்டே திட்டு.